வயது, வீடு, பாட்டு: நம் குடும்பங்களின் எழுதப்படாத வரலாறு

திருமண வீட்டில் சஹன் சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் திண்ணையிலும் பெண்கள் உள்கட்டிலும் அமர்ந்து பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமையும். யார் யாருக்கு மூத்தவர் என்பது முதலாவது. யாருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் இருப்பவர் எத்தனை பேர், மவுத்தானவர் எத்தனை பேர் என்பது இரண்டாவது. பந்தலில் ஒலிக்கும் பாட்டைக் கேட்டு, தம் காலத்துப் பாட்டை நினைவுகூர்வது மூன்றாவது. இளையவர்கள் இதனை வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று எண்ணிக் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்கின்றனர்.

நம் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களில் மிகச் சிலருடைய வீடுகளிலேயே எழுதி வைத்த வம்சாவளி உண்டு. ஏனையோருக்குப் பாட்டிமாரின் நினைவே பதிவேடு. ஊருக்கு ஊர் உம்மம்மா, வாப்பும்மா, நன்னிமா என்று நாம் அழைக்கும் அந்தப் பெண்கள் வயதையும் உறவையும் பாட்டையும் ஒன்றோடொன்று முடிந்து வைத்து நினைவில் காத்தனர். அவர்கள் எப்படிக் காத்தனர், அதில் நம் மார்க்க மரபுக்கு உள்ள தொடர்பு என்ன, இன்று நாம் இழந்துகொண்டிருப்பது என்ன என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நிகழ்ச்சியால் அறியப்பட்ட வயது

‘நீங்கள் பிறந்தது எந்த ஆண்டு?’ என்று எண்பது வயதைக் கடந்த ஒருவரைக் கேட்டால், எண்ணைச் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார். ‘பெரும்புயல் அடித்தபோது நான் நடக்கிற பிள்ளை’ என்பார். இதனைக் கல்லாமையின் அடையாளம் என்று எண்ணுவோர் உண்டு. ஆயினும் இது நம் மரபில் மிகப் பழைய வழக்கம். நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டை அரபியர் ‘யானை ஆண்டு’ என்றே அறிந்திருந்தனர். அப்ரஹாவின் படை யானையுடன் மக்காவை நோக்கி வந்த நிகழ்ச்சியே அந்த ஆண்டுக்குப் பெயராயிற்று. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு ‘துயர ஆண்டு’ எனப்பட்டது. எண்களால் ஆண்டைக் குறிக்கும் ஹிஜ்ரிக் கணக்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரத் நடந்து 17ஆம் ஆண்டு அளவில்தான் முறைப்படுத்தப்பட்டது.

வயதைப் பற்றிய உரையாடல் ஒன்றைத் திர்மிதீ தம் ஹதீஸ் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். குபாஸ் இப்னு அஷ்யம் (ரலி) அவர்களிடம் உஸ்மான் (ரலி) அவர்கள், நீங்கள் பெரியவரா, நபியவர்கள் பெரியவரா என்று வினவினார்கள். நபியவர்களே தம்மினும் பெரியவர் என்றும், பிறப்பில் மட்டும் தாம் முந்தியவர் என்றும் குபாஸ் (ரலி) விடையளித்தார்கள். ‘பெரியவர்’ என்ற சொல் வயதையும் மதிப்பையும் ஒருங்கே குறிப்பது தமிழிலும் அப்படியே. வயதைச் சொல்லும்போதும் அதபைக் கைவிடாத அந்த விடை, நம் வீடுகளில் மூத்தோரின் வயதைப் பேசும் முறைக்கு முன்மாதிரி.

அக்காலத்தில் வயதைப் போர்களோடு இணைத்துச் சொன்னவர் இப்னு உமர் (ரலி). உஹதுப் போரின்போது தமக்கு 14 வயது, அதில் கலந்துகொள்ள நபியவர்கள் அனுமதிக்கவில்லை. கந்தக் போரின்போது 15 வயது, அப்போது அனுமதித்தார்கள் என்று அவர்கள் கூறினார்கள். அவர்களின் மாணவர் நாஃபிஉ இச்செய்தியைக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸிடம் தெரிவித்தார். சிறுவருக்கும் வயது வந்தோருக்கும் இடையிலான எல்லை 15 என்று கலீஃபா அதனை அடிப்படையாகக் கொண்டு ஆணையிட்டார். ஒருவர் தம் இளமையைப் பற்றிச் சொன்ன செய்தி சட்டத்துக்கு ஆதாரமாயிற்று.

நம் கரையோரத்து ஆண்டுகள்

தமிழ் முஸ்லிம்களுக்கும் இத்தகைய ஆண்டுகள் இருந்தன. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அதன்பின் ‘எம்டன் வந்த வருஷம்’ என்பது தமிழ்நாட்டில் ஒரு தேதியாயிற்று. ‘எம்டன்’ என்ற சொல் வல்லாளனைக் குறிக்கும் பேச்சு வழக்கும் ஆயிற்று. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் மற்றோர் எல்லைக்கல். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் அரக்கான், மணிப்பூர் வழியாகக் கால்நடையாகவே வந்தனர். ரங்கூனில் கடை வைத்திருந்த நம்மவர் குடும்பங்களில் ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது’ என்பது இன்றும் ஒரு காலக் குறிப்பு. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 1964 டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1977 நவம்பரில் மீண்டும் நாகைப் பகுதியில் அடித்த புயலும் கரையோர ஊர்களின் பிறப்புகளுக்கும் திருமணங்களுக்கும் நங்கூரமாயின.

ஆண்டுக்கு நிகழ்ச்சி என்றால், மாதத்துக்குப் பிறை. நம் பெண்கள் ஹிஜ்ரி மாதங்களை மௌலூதுப் பிறை, முஹ்யித்தீன் ஆண்டகை பிறை, நாகூரார் பிறை, விராஅத்துப் பிறை, நோன்புப் பிறை, ஹஜ்ஜுப் பிறை என்று வழங்கினர். அந்தந்த மாதத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் கொண்டே அம்மாதம் பெயர் பெற்றது. இப்பெயர்களோடு நிகழ்ச்சியையும் சேர்த்தால் பிறந்த நாளை வியக்கத்தக்க அளவுக்குக் கணித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘விராஅத்து கழிந்து ஒரு வாரம் ஆகவில்லை, புயல் அடித்தது, அதற்கு நாற்பது நாள் முந்திப் பிறந்தவள் இவள்’ என்று ஒரு பாட்டி கூறுவதாகக் கொள்வோம். தனுஷ்கோடிப் புயல் ஹிஜ்ரி 1384 ஷஅபான் மாதத்தின் நடுப்பகுதியைச் சிறிது கடந்து வந்தது. விராஅத்து இரவு கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன; ரமலான் பிறக்க இரு வாரங்கள்கூட இல்லை. ஆகவே பாட்டியின் சொல் புயலின் தேதியோடு பொருந்துகிறது. நாற்பது நாள் பின்னோக்கிச் சென்றால் 1964 நவம்பர் இரண்டாம் வாரம் கிடைக்கிறது. பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருந்தாலும், பாட்டியின் கணக்கே உண்மைக்கு நெருங்கியது.

சான்றிதழ்த் தேதி ஏன் பிழைபடுகிறது? முற்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு சென்று இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டனர். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு ஏற்ப ஒரு தேதியை எழுதிக்கொண்டதும் உண்டு. நம் குடும்பங்களில் ஜூன் மாதத்தில் ‘பிறந்தவர்கள்’ மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. எனினும் பெயர் சூட்டும் முன்பே பதிவு நடந்ததால், இன்னாருக்கு ஆண் குழந்தை, இன்னாருக்குப் பெண் குழந்தை என்ற அளவிலேயே பல பதிவுகள் நின்றன. நாடு முழுமைக்கும் பொதுவான பதிவுச் சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களும் ஒரு விந்தையைத் தொடர்ந்து குறிப்பிட்டு வந்துள்ளனர்: 30, 35, 40 என்று சுழியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளைச் சொல்வோரின் எண்ணிக்கை இயல்புக்கு மீறி மிகுந்திருக்கும். எண்ணைக் கேட்டால் தோராயமாகவும், நிகழ்ச்சியைக் கேட்டால் துல்லியமாகவும் விடை சொல்வது மக்களின் இயல்பு.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களே கொண்டது. ஆங்கிலக் கணக்கில் 33 ஆண்டுகள் கழியும்போது பிறைக் கணக்கில் ஏறத்தாழ 34 ஆண்டுகள் நிறைந்துவிடும். பிறைக் கணக்கில் 85 என்று சொல்லும் மூதாட்டிக்கு ஆங்கிலக் கணக்கில் எண்பத்திரண்டரை. நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்ததாக நாம் கூறும் 63 ஆண்டுகளும் பிறைக் கணக்கே. சூரியக் கணக்கில் அது ஏறத்தாழ 61 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரே மனிதருக்கு இரு வயது சொல்லப்பட்டால் ஒன்று பொய் என்று முடிவு செய்துவிடலாகாது.

பெரிய வீடு வைத்திருந்த கணக்கு

வயதுப் பேச்சில் இளையவர்களை வியப்பில் ஆழ்த்துவது, மருமகனைவிட இளைய மாமாவும், அண்ணன் மகளைவிடச் சிறிய சாச்சியும் ஒரே வீட்டில் வளர்ந்த செய்தி. தாயும் மகளும் ஒரே காலத்தில் பிள்ளைப்பேற்றில் இருந்த வீடுகள் நம்மிடையே பல. இதற்கும் நபியவர்களின் குடும்பத்திலேயே சான்று உண்டு. பாட்டனார் அப்துல் முத்தலிபுக்கு மக்கள் பலர். அவர்களில் அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களைவிட இரண்டு, மூன்று ஆண்டுகளே மூத்தவர். ஹம்ஸா (ரலி) அவர்களும் ஏறக்குறைய ஒத்த வயதினர். ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும் நபியவர்களுக்கும் ஸுவைபா என்ற பெண்மணி பாலூட்டியிருந்தார். சிறிய தந்தை பால்குடிச் சகோதரரும் ஆனார். பிற்காலத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணந்துகொள்ளலாமே என்று சிலர் எடுத்துச் சொன்னபோது, அவர் தம் பால்குடிச் சகோதரரின் மகள் என்று கூறி நபியவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பெரிய வீட்டில் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சியே விளக்கம். ஒரு தாய்க்குப் பால் வற்றினால் அக்காளோ மாமியோ அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பது இயல்பு. மார்க்கச் சட்டப்படி, இரண்டு வயதுக்குள் குடித்த பால் திருமணத் தடையை உண்டாக்கும். உள்நாட்டு ஊர்களில் பெரும்பான்மையாக உள்ள ஹனஃபிகளிடத்தில் சிறிதளவு பால் குடித்தாலும் தடை ஏற்படும். கரையோர ஊர்களில் மிகுந்துள்ள ஷாஃபிஈகளிடத்தில் ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். மாமன் மகளையும் மாமி மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சமுதாயத்தில், யார் யாரிடம் எந்த வயதில் எத்தனை முறை பால் குடித்தார் என்பது நிக்காஹுக்கு முன் தெரிந்தாக வேண்டிய செய்தி. அதனை எந்த அலுவலகமும் பதிவு செய்வதில்லை. வீட்டுப் பெண்கள் மட்டுமே அறிவர்.

அந்த அறிவுக்கு மார்க்கம் தந்த மதிப்பை உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களின் வரலாறு காட்டுகிறது. அவர்கள் மக்காவில் ஒரு பெண்ணை மணந்தார்கள். பிறகு ஒரு பெண்மணி வந்து, உக்பாவுக்கும் அந்த மணமகளுக்கும் தாம் பாலூட்டியிருப்பதாகச் சொன்னார். இதுவரை யாரும் இதனைத் தம்மிடம் கூறியதில்லையே என்று கலங்கிய உக்பா (ரலி), மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபியவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். இப்படியொரு சொல் வந்துவிட்ட பிறகு எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற பொருளில் நபியவர்கள் விடையளிக்க, அவர்கள் மனைவியைப் பிரிந்தார்கள். புகாரீயில் இடம்பெற்றுள்ள இந்தச் செய்தியில், ஒரு பெண்ணின் நினைவு ஒரு திருமணத்தையே முடிவுக்குக் கொண்டுவருகிறது. அச்சொல் காலம் தாழ்ந்து வந்ததே அவர்களின் துயரத்துக்குக் காரணம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இக்கணக்கு தாய்வழியாகக் காக்கப்பட்டது. அங்கே மணமகன் மணமகள் வீட்டுக்குச் சென்று வாழ்வது வழக்கம். வீடு பெண்மக்களுக்கு உரியது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்குவதற்கென்றே ‘முடுக்கு’ எனப்படும் சந்துகள் உள்ளன. ஆண்கள் கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்று ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருந்த காலத்தில், அக்கா தங்கையரும் அவர்தம் மக்களும் சேர்ந்து வாழ்ந்த அந்த வீடுகளில் பிறப்பும் இறப்பும் பெண்களின் நினைவில் பதிந்தன.

பெரிய குடும்பங்களைப் பேசும்போது அவற்றின் சிறப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. 2020இல் அந்த எண் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. பத்துப் பெற்றாள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பாட்டி, அவர்களில் மூவரையோ நால்வரையோ மண்ணில் வைத்தவளாகவும் இருக்கக்கூடும். பிள்ளைப்பேற்றிலேயே உயிர் துறந்த தாய்மாரும் பலர்.

அனஸ் (ரலி) அவர்களின் வாழ்வு இதனை நமக்கு உணர்த்தும். தாயார் உம்மு சுலைம் (ரலி) கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அனஸுக்குச் செல்வமும் மக்களும் பெருக நபியவர்கள் துஆ செய்தார்கள். அந்த துஆ ஏற்கப்பட்டு அவர்களுக்கு மக்கள் பெருகினர். ஹஜ்ஜாஜ் பஸ்ராவுக்கு வந்த ஹிஜ்ரி 75 அளவில், தம் வழித்தோன்றல்களில் 120க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருந்ததாக அனஸ் (ரலி) கூறியது புகாரீயில் இடம்பெற்றுள்ளது. இந்த எண்ணிக்கையைத் தமக்குத் தெரிவித்தவர் தம் மகள் உமைனா என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். நபித்தோழரான தந்தையிடம் இல்லாத கணக்கு மகளிடம் இருந்தது. இறந்துபோன ஒவ்வொரு பிள்ளையையும் அந்த மகள் எண்ணி வைத்திருந்தார். நம் பாட்டிமார் செய்ததும் உமைனா செய்த அதே பணிதான்.

வாரிசுரிமையிலும் இக்கணக்குக்கு இடமுண்டு. ஃபராயிள் சட்டத்தில் யார் முந்தி மவுத்தானார் என்பதைப் பொறுத்தே பங்கு அமையும். தந்தைக்கு முன் மகன் இறந்து, வேறு மகன் உயிரோடு இருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடைப்பதில்லை. தந்தைக்குப் பின் இறந்தால் அவன் பெற்ற பங்கு அவன் மக்களுக்கு வந்து சேரும். கடலிலோ புயலிலோ இருவர் ஒருசேர இறந்து, முந்தியவர் யார் என்று தெரியாவிட்டால், ஒருவரிடமிருந்து மற்றவர் வாரிசு பெறுவதில்லை என்று ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் கூறுகின்றன. ‘அவர் போய் மூன்றாம் மாதத்தில்தான் இவர் போனார்’ என்ற வீட்டுப் பேச்சு, பல சொத்துத் தகராறுகளைத் தீர்க்கவல்ல சான்று.

இன்று வீடு சிறுத்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் முஸ்லிம் பெண் ஒருவருக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1992-93இல் 4.4 ஆக இருந்தது, 2019-21இல் 2.4 ஆகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் எல்லாச் சமுதாயத்தாருக்குமான சராசரி 1.8. இக்குறைவுக்குக் கல்வி, மருத்துவம், நகர வாழ்க்கை, செலவு எனப் பல காரணங்கள் உண்டு. பிறக்கும் பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் அவற்றுள் ஒன்று. அதற்காக நாம் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆயினும் ஓரிரு பிள்ளைகள் உள்ள வீட்டில் வளரும் குழந்தைக்குச் சாச்சா, சாச்சி, மாமி, ராத்தா, காக்கா என்ற சொற்களுக்கு உரிய மனிதர்கள் குறைந்துவிட்டனர். உறவைக் கணக்கிட்டுச் சொல்லும் பாட்டியோ வேறு ஊரில் தனியே இருக்கிறார்.

பாட்டும் ஒரு காலக்குறி

மூன்றாவது பொருள் பாட்டு. இசைக்கருவிகளைக் குறித்து உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. தஃப் தவிர்த்த ஏனைய கருவிகளைத் தடுத்தோரே மிகுதி. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே செல்லவில்லை. நம் முன்னோர் எதைப் பாடினர், எதைக் கேட்டனர் என்பதை வரலாறாகக் காண்பதே நம் நோக்கம்.

பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் அன்ஸாரிச் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்ததும், அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, இன்று பெருநாள் அன்றோ, விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதும் நாம் அறிந்த செய்தி. அச்சிறுமியர் எதைப் பாடினார்கள் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் பாடியது புஆஸ் போரைப் பற்றி. அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரத்தார் ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு தமக்குள் நடத்திய போர் அது. இரு தரப்பிலும் தலைவர்கள் பலர் மடிந்தனர். அந்த நினைவு சிறுமியரிடம் பாட்டாகவே வந்து சேர்ந்திருந்தது.

தமிழ் முஸ்லிம்களிடமும் அவ்வாறே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பள்ளிகளிலும் வீடுகளிலும் பொருள் சொல்லி ஓதப்பட்டது. தக்கலையில் பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் இரவில் பலர் கூடிப் பாடப்படுகிறது. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைச் சமயம் கடந்து தமிழர் பாடினர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபு, பாரசீகத் தொடர்பால் புதிய பாவகைகளே தமிழில் தோன்றின. அரபுத்தமிழ் எழுத்தைக் கற்ற பெண்கள் தாலாட்டையும் மாலையையும் வீட்டுக்குள் பாடிப் பிள்ளைகளுக்குப் பழக்கினர். ரமலானில் பக்கீர் பாவாக்கள் தஃப் அடித்துத் தெருத்தெருவாகப் பாடி சஹருக்கு எழுப்பியது அறுபது வயதைக் கடந்தோர் பலருக்கு இன்னும் காதில் ஒலிக்கும்.

பின்னர் கருவிகள் வந்தன. கிராமபோன் தட்டு வசதி படைத்த வீடுகளுக்கு வந்தது. வானொலி தெருவுக்கு வந்தது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய நின்றுவிட, நம் கரையோர வீடுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பின்னும் இலங்கை ஒலிபரப்பின் மீதான பற்று குறையவில்லை. அதன் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல.

1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா, இம்மாற்றங்கள் அனைத்தையும் கடந்து ஒலித்த குரல். இசைத்தட்டிலும் வானொலியிலும் ஒலிநாடாவிலும் திருமணப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கியிலும் அவர் பாடினார். இஸ்லாமியப் பாடல்களோடு திராவிட இயக்க மேடைகளிலும் அவர் குரல் முழங்கியது. பாட்டனாருக்கும் பேரனுக்கும் பொதுவாகத் தெரிந்த பாடகர் என்று நம் வீடுகளில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவரையே சொல்ல வேண்டும்.

பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவை முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்வோர் கண்டிருக்கின்றனர். பாட்டும் அவ்வாறே மனத்தில் தங்குகிறது. ஆகவே ஒருவர் விரும்பும் பாட்டு அவருடைய இளமைக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘உங்கள் நிக்காஹ் எந்த ஆண்டு?’ என்ற கேள்விக்கு விடை வராதபோது, ‘பந்தலில் பைத்து மட்டும் ஓதினார்களா, இசைத்தட்டு வைத்தார்களா, ஒலிநாடா வந்துவிட்டதா?’ என்று கேட்டால் ஆண்டு தெரியாவிடினும் காலப்பகுதி தெரிந்துவிடும். எண்ணை மறந்த மூதாட்டியும் பாட்டை மறப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

உறவினரோடு இணைந்து வாழ்வதற்குத் தேவையான அளவு உங்கள் வம்சத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அறிய வேண்டிய அளவையும் நோக்கத்தையும் அது வரையறுக்கிறது. குலப்பெருமை பேசுவதற்காக வம்சத்தைத் தேடுவது அந்த எல்லைக்குள் வராது. யாரைச் சென்று பார்க்க வேண்டும், யாருக்குப் பங்கு உண்டு, யாரை மணக்கலாகாது, யாருக்காக துஆ செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதற்கே அந்த அறிவு.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடித்த குறிப்பேட்டை வாங்கி வைப்போம். வீட்டின் மூத்த பெண்மணியிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுக் களைப்படையச் செய்யாமல், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் அமர்ந்து கேட்போம். ஆண்டைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்போம். மாதத்தைக் கேட்காமல் பிறையைக் கேட்போம். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே முதலில் எழுதி, கணக்கிட்ட தேதியைப் பக்கத்தில் குறிப்போம். ஆண்களின் பெயர்களை மட்டும் எழுதிப் பெண்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று முடித்துவிடும் வழக்கத்தைக் கைவிடுவோம். தாயின் தாயார் பெயர்வரை எழுதுவோம். யார் யாருக்குப் பாலூட்டினார் என்பதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குவோம். யார் முந்தி மவுத்தானார் என்பதையும் குறிப்போம். பேச்சு ஓய்ந்தால் ஒரு பாட்டைப் பற்றிக் கேட்போம். அவர் பாடினால் கைப்பேசியில் பதிவு செய்வோம். பேச்சைக் கேட்காமல் நம் பிள்ளைகள் கையில் எடுத்துக்கொள்ளும் அதே கைப்பேசி இதற்கும் பயன்படட்டும்.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், நடக்கும் முன்பே, பேசும் முன்பே இறைவனிடம் சென்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களை எழுதுவோம். எந்தச் சான்றிதழிலும் அவர்களின் பெயர் இல்லை. பல ஊர்களில் மைய்யவாடியில் அவர்களுக்கு மீஸான் கல்லும் இல்லை. அவர்களைப் பெற்றவளின் மகளோ பேத்தியோ மட்டுமே இன்று அவர்களை அறிவார். அவரும் போய்விட்டால், அப்படியொரு பிள்ளை பிறந்திருந்தது என்று சொல்ல இவ்வுலகில் யாரும் இருக்கமாட்டார்கள்.

நம் வீட்டு உமைனாக்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நலமான நினைவையும் தந்தருள்வானாக. அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவன் வழங்குவானாக. ஆமீன்.